கூட்டம் எங்கே நடக்கிறது?
தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் ஏ.ஏ. குழு தேடுவோருக்கு

1935 மே 11, சனிக்கிழமை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் அக்ரான் நகரம். நியூயார்க்கிலிருந்து தொழில் விஷயமாக வந்திருந்த பில் வில்சனுக்கு வந்த காரியம் கைகூடவில்லை. குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. தங்கியிருந்த மேஃப்ளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் ஒரு கோடியில் மதுக்கூடம். உள்ளேயிருந்து சிரிப்பும் பேச்சும் கேட்கின்றன. இன்னொரு கோடியில் தொலைபேசியும், ஊரில் உள்ள தேவாலயங்களின் பட்டியலும். வில்சன் பட்டியல் இருந்த பக்கம் போனார். ஒரு பாதிரியாரை அழைத்தார். அவர் தந்த எண்களில் ஒவ்வொருவராகப் பிடித்து, கடைசியில் ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணியை எட்டினார். அவருக்குத் தெரிந்த அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் குடியால் சீரழிந்துகொண்டிருந்தார். மறுநாள் மாலை இருவரையும் தன் வீட்டில் உட்காரவைத்தார் அந்த அம்மையார். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டு வந்த டாக்டர் பாப் ஸ்மித், எழுந்தபோது இரவு பதினொரு மணி தாண்டியிருந்தது.

அந்த மருத்துவர் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10 என்பார்கள். குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அந்தத் தேதியைத்தான். இந்தியாவில் அது 1957-ல் வேர்விட்டது. இங்குள்ள குழுக்களுக்கான பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது.

முன்பின் தெரியாத ஊரில் வில்சன் தேடியது தன்னைப் போலவே குடியில் மாட்டிக்கொண்ட இன்னொரு ஆளை. தென்காசியிலோ செங்கோட்டையிலோ இன்று தேடுகிறவருக்கும் தேவைப்படுவது அந்த ஓர் ஆள்தான். அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் பெரும்பாலும் ஒரு போன் அழைப்புதான். ஏ.ஏ. கூட்டங்களுக்குப் பெயர்ப்பலகை கிடையாது, சுவரொட்டி கிடையாது. தெருத்தெருவாக நடந்து கண்டுபிடிக்க முடியாது. கேட்டுத்தான் போக வேண்டும்.

சேருவதற்கு என்ன தகுதி?

குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். அவ்வளவுதான். நுழைவுக் கட்டணம் இல்லை, விண்ணப்பம் இல்லை, ஆதார் எண் கேட்க மாட்டார்கள். கூட்டத்தின் இடையில் ஒரு பை சுற்றி வரும். விரும்பிய உறுப்பினர்கள் பத்தோ இருபதோ போடுவார்கள். அறை வாடகையும் டீச் செலவும் அதிலிருந்துதான். வெளியார் கொடுக்கும் நன்கொடையை ஏ.ஏ. வாங்குவதில்லை. முதல்முறை வருகிறவர் எதுவும் போட வேண்டியதில்லை.

இது மதம் மாற்றும் வேலையோ என்ற சந்தேகம் இந்தப் பக்கம் சகஜம். பல ஊர்களில் கூட்டம் தேவாலய வளாகத்து அறையில் நடப்பது அதற்கு ஒரு காரணம். அறை கொடுப்பதோடு தேவாலயத்தின் பங்கு முடிந்தது. 1939-ல் வெளியான ஏ.ஏ.யின் அடிப்படை நூலில், குடியிலிருந்து மீள்வதற்காகச் சொல்லப்படும் 12 படிகளில் கடவுள் பற்றிய பேச்சு உண்டு. ஆனால் அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்றே அது சொல்கிறது. நெற்றியில் திருநீறு, தலையில் தொப்பி, கழுத்தில் சிலுவை என்று மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்காரலாம். கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் உட்காரலாம்.

இதனால் பலன் உண்டா? 2020-ல் வெளியான காக்ரேன் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை உள்ளடக்கிய 27 ஆய்வுகளை அலசியது. தொடர்ந்து குடிக்காமல் இருக்கவைப்பதில், ஏ.ஏ.யும் அதை ஒட்டிய முறையான 12 படிச் சிகிச்சையும் மற்ற மனநலச் சிகிச்சைகளுக்குக் குறைந்தவை அல்ல, பல நேரங்களில் மேலானவை என்பது அதன் முடிவு. நம் நாட்டில் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஓர் உதவியைப் பெறுகிறார். மீதி 37 பேரும் உதவி இருக்கும் இடத்துக்கே வந்து சேரவில்லை.

முதல் அழைப்பு

மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளலாம். 14446 என்பது மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண். 14416 என்பது மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ். தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இயங்குகிறது, தமிழில் பேசலாம். இரண்டுக்கும் ஓர் இலக்கம்தான் வித்தியாசம். மாற்றி அழுத்தினாலும் மோசமில்லை, இரண்டு இடத்திலும் வழி கேட்கலாம். மூன்றாவது 104, மாநில அரசின் மருத்துவ ஆலோசனை எண். மூன்றுமே கட்டணமில்லாதவை.

ஏ.ஏ. கூட்டத்தின் கிழமை, நேரம், இடம் ஆகியவற்றை மும்பை அலுவலகத்தின் இணையதளத்திலும் அதன் உதவி எண்ணிலும் கேட்டுப் பெறலாம். தேடும்போது ‘தென்காசி’ என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. மாவட்டம் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது 2019 நவம்பர் 22-ல்தான்; பழைய பட்டியல்களில் இந்த ஊர்கள் எல்லாம் நெல்லைக் கணக்கிலேயே இருக்கும். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில், ஆலங்குளம், அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை, தூத்துக்குடி, நாகர்கோவில் என்று ஊர் ஊராகச் சொல்லிக் கேட்பது நல்லது.

ஏ.ஏ. உதவி எண்ணை அழைத்தால், மறுமுனையில் எடுப்பவர் பெரும்பாலும் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஊழியராக இருக்க மாட்டார். குடியை விட்ட ஓர் உறுப்பினராகவே இருப்பார். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

“அண்ணாச்சி, வணக்கம். தென்காசி பக்கத்துல இருந்து பேசுதேன். மீட்டிங் எங்க நடக்குன்னு தெரியணும்.”

“உங்களுக்கா தம்பி, வீட்ல யாருக்குமா?”

“எனக்குத்தான்.”

“நல்லது. நானும் குடிச்சவன்தான். இன்னைக்குக் குடிச்சீங்களா?”

“காலையில ஒரு கட்டிங்.”

“குடிக்கலேன்னா கை நடுங்குமா?”

“நடுங்கும் அண்ணாச்சி.”

“அப்போ முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. மீட்டிங் எங்கயும் ஓடிப்போயிடாது. யாராவது ஒருத்தரை உங்க கூடப் பேசச் சொல்லுதேன்.”

அழைப்பை வைப்பதற்குள் ஐந்து விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கூட்டம் இப்போதும் நடக்கிறதா? எந்தக் கிழமை, எத்தனை மணி? பேருந்து நிலையத்திலிருந்து அடையாளம் என்ன? எல்லாரும் வரலாமா, குடிநோயாளிகளுக்கு மட்டுமா? வாசலில் வந்து கூட்டிப்போக ஒருவர் கிடைப்பாரா? கடைசிக் கேள்விதான் முக்கியம். ஏ.ஏ. கூட்டத்துக்கு வந்து, வாசல்வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் ஏராளம். தெரிந்த ஒரு முகம் நின்றால் உள்ளே போவது எளிது.

ஆஸ்பத்திரி முதலில், கூட்டம் அடுத்து

போனில் பேசியவர் கை நடுக்கத்தைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. தினமும் காலையிலேயே குடிக்க வேண்டியிருக்கிற ஒருவர் திடுமென நிறுத்தினால், 6 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது, இடம் காலம் புரியாமல் பிதற்றுவது என்று முற்றினால் உயிருக்கே ஆபத்து. ஊரில் ‘பேய் பிடித்துவிட்டது’ என்று மந்திரிக்கக் கூட்டிப்போகும் சிலருக்கு நடந்திருப்பது இதுதான். இதற்கு மருந்து உண்டு. மருத்துவர் பார்வையில் சில நாட்கள் கொடுத்து, தயமின் என்ற வைட்டமினும் ஏற்றினால் கடந்துவிடலாம்.

தென்காசி அரசு தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் கேட்டுப் போகலாம். நிலைமை கடுமையாக இருந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே மனநலப் பிரிவு தனியாக இருக்கிறது. வலிப்போ பிதற்றலோ வந்துவிட்டால் யோசிக்காமல் 108. தமிழக அரசு 2025-ல் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களையும் அரசு மருத்துவமனைகளில் திறந்திருக்கிறது. எது அருகில் என்பதை 104-ல் கேட்கலாம்.

மருந்து நடுக்கத்தை நிறுத்தும். நிறுத்தியதை நிலைக்கவைக்க வேறு ஏற்பாடு வேண்டும். தென்காசிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போட்டு, அதுவரை ஒரு நாள்கூடத் தவறாதவர் 41 நாள் சொட்டுக்கூடத் தொடாமல் இருப்பார். மாலையைக் கழற்றிய அன்றே மறுபடி பாட்டில். விரத நாட்களில் கருப்பு வேட்டியும், கூடவே வரும் சாமிமார்களும், காலை மாலை பூஜையும் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தன. நாற்பத்திரண்டாம் நாள் அந்தத் துணை கலைந்துவிடுகிறது. வாராவாரம் கூடும் குழு அந்த இடைவெளியை அடைக்கிறது.

உள்ளே என்ன நடக்கும்?

நெல்லையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு வட்டத்தொட்டியில் கம்பனை ரசிக்க ஆட்கள் கூடி உட்கார்ந்ததுபோல, இங்கே குடியிலிருந்து மீள ஆட்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை, சில புத்தகங்கள், பிளாஸ்க்கில் டீ. ஒருவர் நடத்துவார், அடுத்த வாரம் வேறொருவர். ஒரு பிரார்த்தனையோடு தொடங்கி, நூலிலிருந்து ஒரு பக்கம் வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள்: “என் பெயர் முருகன், நான் ஒரு குடிநோயாளி.” எல்லாரும் சேர்ந்து வணக்கம் சொல்வார்கள். குடித்த காலத்தில் என்ன நடந்தது, எது நிறுத்தவைத்தது, இந்த வாரம் எப்படிப் போனது என்பதுதான் பேச்சு. நடுவில் யாரும் குறுக்கிட மாட்டார்கள், புத்திமதி சொல்ல மாட்டார்கள். பேச விருப்பமில்லை என்றால் ‘கேட்க வந்தேன்’ என்றால் போதும்.

ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் கிளம்பி ஓடாமல் டீ குடிக்கும்வரை இருப்பது நல்லது. போன் எண்கள் கைமாறுவது அப்போதுதான். சில வாரம் போய்ப் பழகிய பிறகு, நீண்ட நாள் குடிக்காமல் இருக்கும் ஒருவரை ‘ஸ்பான்சர்’ ஆக வைத்துக்கொள்ளலாம். ராத்திரி ஒன்பது மணிக்குக் கால் கடைப்பக்கம் இழுக்கும்போது கூப்பிட வேண்டிய ஆள் அவர்தான்.

முதல் கூட்டம் பிடிக்காமல் போகலாம். யாரோ ஒருவர் அதிகம் பேசியிருப்பார், அறை புழுக்கமாக இருந்திருக்கும். ஒன்றைப் பார்த்து முடிவு கட்டாமல், முடிந்தால் வேறொரு குழுவையும் சேர்த்து நாலைந்து முறை உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

“யாராவது பார்த்துட்டா?”

சிறிய ஊரில் இதுதான் பெரிய தடை. பெயர் மறைப்பு என்பது ஏ.ஏ.யின் பெயரிலேயே இருக்கிறது. அங்கே கேட்டதை, பார்த்தவரை வெளியே சொல்லக் கூடாது என்பது எழுதப்பட்ட மரபு. இருந்தும் பயம் போகாதவர்கள் வேறு ஊர்க் கூட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குச் சுமார் ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம். செங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் வழியாக ரயிலும் இருக்கிறது. மாலைக் கூட்டம் என்றால் திரும்பும் வண்டியின் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். மலையாளம் புரிகிற செங்கோட்டை, புளியரைக்காரர்கள் மலைக்கு அந்தப் பக்கம் நடக்கும் கூட்டங்களையும் விசாரிக்கலாம். புனலூர் பாதை 2018-ல் அகல ரயில் பாதையாகத் திறந்தபின் அந்த வழி எளிதாகிவிட்டது.

ஒன்றை மட்டும் நினைத்துப் பார்க்கலாம். பகல் 12 மணிக்கு டாஸ்மாக் கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றதை ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது.

பெண்களுக்கு நிலைமை இன்னும் கடினம். 2019 கணக்கெடுப்பில் குடிப்பதாகச் சொன்ன பெண்கள் 1.6 சதவீதம்; கூட்டத்தில் ஒரே ஒரு பெண்ணாக உட்கார நேரலாம். பெண் உறுப்பினர் ஒருவரின் எண்ணைத் தரும்படி உதவி எண்ணில் கேட்பதும், இணையவழிக் கூட்டத்தில் வீடியோவை அணைத்துவிட்டுக் கலந்துகொள்வதும் நல்ல தொடக்கம்.

சீசனுக்கு வருகிறவர்களுக்கு

ஜூனில் சாரல் தொடங்கினால் ஆகஸ்ட்வரை குற்றாலம் நிரம்பி வழியும். மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று குளித்துத் திரிய வரும் நண்பர் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அருவி ஒரு சாக்கு. லாட்ஜ் அறைக்குள் சரக்குதான் குறி. குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர் அப்படிப்பட்ட கோஷ்டியோடு கிளம்பாமல் இருப்பது மேல். குடும்பத்தோடு வருவது பாதுகாப்பு.

வந்தே ஆக வேண்டும் என்றால் கிளம்பும் முன்பே தன் ஊர்க் குழுவில் சொல்லி, நெல்லைப் பக்கத்து உறுப்பினர் ஒருவரின் எண்ணை வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். வெளியூரில் இருக்கும் நாட்களுக்கு இணையவழிக் கூட்டம் ஒன்றின் நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் சேரவிடாதே என்பது ஏ.ஏ.காரர்கள் அடிக்கடி சொல்லும் எச்சரிக்கை. அருவியில் குளித்து வந்தால் அகோரப் பசி எடுக்கும். அறைக்குப் போகும் முன் பார்டர் புரோட்டாவை ஒரு பிடி பிடித்துவிட வேண்டும்.

உள்ளூரில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், லாட்ஜ் ஊழியர்களுக்கு இந்த மூன்று மாதமும் சோதனைக் காலம். கையில் காசு புரளும். ‘நீங்களும் ஒரு ரவுண்டு போடுங்க’ என்று வாடிக்கையாளரே ஊற்றிக் கொடுப்பார். கூட்டத்துக்குப் போவதை ‘சீசன் முடியட்டும்’ என்று தள்ளிப்போடுவது அவர்களிடம் வழக்கம். தொடங்க வேண்டியது சீசனுக்கு முன்னால், மே மாதத்தில்.

வீட்டார் செய்யக் கூடியது

பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-ல் தொடங்கியது அல்-அனான், குடிப்பவரின் குடும்பத்தாருக்கான குழு. கணவர் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் மனைவியோ, தாயோ, பிள்ளையோ அதில் உட்காரலாம். ஏ.ஏ.யைக் கேட்கும்போதே இதையும் கேட்க வேண்டும்.

சுவர்களிலும் பேருந்துகளிலும் ‘குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்த’ என்று விளம்பரம் பார்க்கலாம். ரசத்திலோ குழம்பிலோ மருந்தைக் கலந்து கொடுக்கும் இந்த யோசனைக்கு யாரும் இணங்கக் கூடாது. டைசல்ஃபிராம் போன்ற மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயம் பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். குடிப்பவர் தெரிந்து, ஒப்புக்கொண்டு, மருத்துவர் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து அது.

தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அது கட்டாயம். சான்றிதழைக் காட்டத் தயங்கும் இடத்தில், வீட்டாரைப் பார்க்கவிடாத இடத்தில் ஆளை விடக் கூடாது.

பக்கத்தில் கூட்டமே இல்லை என்றால்

சிகிச்சை கிராமத்துக்கே போன உதாரணம் தமிழ்நாட்டில் உண்டு. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார், டி.டி.கே. மருத்துவமனை என்றால் ஊருக்குத் தெரியும். அந்தக் குழு 1989-ல் இன்றைய திருவாரூர் மாவட்டத்தின் மஞ்சக்குடி கிராமத்துக்குப் போய், உள்ளூர் ஆதரவோடு அங்கேயே முகாமிட்டுச் சிகிச்சை தந்தது. நோயாளி நகரத்துக்கு வர முடியாது என்றால் சிகிச்சை அவன் ஊருக்குப் போகட்டும் என்ற அந்த முறை பிறகு பல கிராமங்களுக்குப் பரவியது.

ஏ.ஏ. குழு தொடங்க அவ்வளவு பெரிய ஏற்பாடும் தேவையில்லை. குடிக்காமல் இருப்பதற்காக இரண்டு மூன்று குடிநோயாளிகள் கூடினாலே அது ஒரு குழு என்கிறது அவர்களுடைய மரபு. திருநெல்வேலிக்கோ வேறு ஊருக்கோ போய்வந்து ஒரு வருடம் தாக்குப்பிடித்த இருவர் சுரண்டையிலோ பாவூர்சத்திரத்திலோ இருந்தால், வாரத்தில் ஒரு மாலையைக் குறித்து உட்கார ஆரம்பிக்கலாம். கிழமையும் நேரமும் மாறவே கூடாது; ஒருவர் மட்டும் வந்தாலும் கதவைத் திறந்துவைக்க வேண்டும். விவரத்தை மும்பை அலுவலகத்தில் பதிந்துவிட்டால், அடுத்து தென்காசியிலிருந்து அழைக்கும் ஆளுக்கு அந்த முகவரி கிடைக்கும்.

அதற்கு ஓர் அறை வேண்டும். பள்ளி நடத்துகிறவர்கள், சங்கக் கட்டடம் வைத்திருப்பவர்கள், கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகிகள் ஆகியோர் மாலையில் பூட்டிக்கிடக்கும் ஓர் அறையை வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் கொடுக்க முன்வர வேண்டும். இலவசமாகக் கொடுக்க வேண்டாம். தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்வது ஏ.ஏ. குழுக்களின் விதி. வாடகையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.